சேலத்துப் பழங்கோயில்களைச் சைக்கிளில் பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகுப்பையோடு வந்து சேலத்தில் இரண்டு மூன்று நாள் தங்கி, சுற்றுவட்டாரப் பழங்கோயில்களைச் சைக்கிளில் பார்க்க நினைப்பவர்களுக்காக இந்தப் பக்கம். தூரங்கள் எல்லாம் தோராயமானவை. நீங்கள் எங்கே தங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டு மூன்று கி.மீ. கூடும், குறையும்.

சேலத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஏற்காட்டுக்குத்தானே போகிறார்கள்? சமவெளியில் பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. நகரத்துக்குள்ளேயே அருணகிரிநாதர் பாடிய சுகவனேசுவரர் கோயில். தெற்கே திருமணிமுத்தாற்றங்கரையில் உத்தமசோழபுரம் கரபுரநாதர். கிழக்கே அயோத்தியாப்பட்டினத்தில் நாயக்கர் காலத் தூண்களோடு கோதண்டராமர். மேற்கே, இந்தப் பகுதியை ஆண்ட குறுநில மன்னர்களான கெட்டி முதலிகள் எழுப்பிய தாரமங்கலம் கைலாசநாதர். இன்னும் கிழக்கே போனால் வசிட்ட நதிக்கரையில் ஆறகளூர் காமநாதீசுவரர், பக்கத்திலேயே தியாகனூர் புத்தர் சிலைகள்.

இவற்றில் பல, காரில் போனால் பத்து நிமிடம் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடக்கூடிய இடங்கள். சைக்கிளில் போகிறவர் எப்படியும் இளைப்பாறியாக வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் தூணில் என்ன இருக்கிறது என்று கண்ணில் படும்.

கர்நாடகத்து அம்பி (ஹம்பி) மாதிரி இடிபாடுகளாக இருக்குமா?

இருக்காது. அந்த எதிர்பார்ப்போடு வந்தால் ஏமாற்றம்தான். இங்கே பெரும்பாலானவை வழிபாடு நடக்கும் கோயில்கள். நடை திறப்பதும் சாத்துவதும் பூசை நேரத்தைப் பொறுத்தது. பொதுவாகப் பகல் 12 மணிக்கு நடை சாத்தி மாலை 4 மணிக்குத் திறப்பார்கள். சின்ன ஊர்களில் காலைப் பூசை முடிந்ததுமே பூட்டிவிடுவதும் உண்டு. சாவி குருக்கள் வீட்டில் இருக்கும். வீடு எது என்று கோயில் பக்கத்துக் கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். "சாமி, வெளியூருங்க, தூணுங்களைப் பார்க்கணும்" என்று பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் திறந்து காட்டுவார்கள். தட்டில் தட்சிணை போட மறக்காதீர்கள்.

இதனால் சைக்கிள் பயணத்தின் கணக்கே மாறிவிடுகிறது. 12 மணிக்குப் பிறகு போய்ச் சேர்ந்தால் மூடிய கதவின் முன்னால் நான்கு மணி நேரம் வெயிலில் உட்கார வேண்டியதுதான். எந்த ஊராக இருந்தாலும் காலை 8 மணிக்குள் சேர்வது போலக் கிளம்புங்கள்.

எனக்கு ஒரே நாள்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

தாரமங்கலம். அது மட்டும்.

இரண்டு மூன்று நாள் இருந்தால் எப்படிப் பிரிப்பது?

வந்து இறங்கும் நாள் மாலையில் சுகவனேசுவரர் கோயில். பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கம், நடந்தே போய்விடலாம். மறுநாள் விடியலில் கிளம்பித் தாரமங்கலம். போகவர 50 கி.மீ. ஆகும். அதற்கு அடுத்த நாள் காலை உத்தமசோழபுரம். நகர நடுவிலிருந்து பத்து கி.மீ.க்குள்தான், உடம்பு வலியோடும் ஓட்டிவிடலாம்.

மூன்றாவது முழு நாளும், ஆத்தூரில் ஓர் இரவுத் தங்கலும் சேர்ந்தால்தான் ஆறகளூர் பக்கம் யோசிக்க வேண்டும். இரண்டு நாளுக்குள் மேற்கையும் கிழக்கையும் சேர்த்து முடிக்கப் பார்த்தால், நெடுஞ்சாலையின் வெள்ளைக்கோட்டைத்தான் பார்ப்பீர்கள், கோயிலை அல்ல.

எந்த மாதத்தில் வருவது?

மார்கழியும் தையும். காலையில் குளிர், நடுப்பகலிலும் தாங்கக்கூடிய வெயில். பங்குனி தொடங்கி வைகாசி வரை தவிர்த்துவிடுங்கள். சேலத்து வெயில் 40 டிகிரியைத் தொடும், கோயில் பிராகாரத்துக் கருங்கல்லில் வெறுங்காலை வைக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை.

ஆடியில் வர வேண்டியிருந்தால் காற்றைக் கணக்கில் எடுங்கள். ஆடிக்காற்று மேற்கிலிருந்து வீசும். வெயில் ஏற ஏற வேகம் கூடும். தாரமங்கலம் மேற்கே இருப்பதால் போகும்போது எதிர்க்காற்று. அதனால் காற்று எழுமுன் விடியலிலேயே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும்.

நாள் பார்ப்பதும் முக்கியம். தாரமங்கலத்தில் தைப்பூசத் தேர், ஆறகளூரில் தேய்பிறை அட்டமி, கஞ்சமலை சித்தர் கோயிலில் அமாவாசை, சேலம் கோட்டை மாரியம்மனுக்கு ஆடித் திருவிழா: இந்த நாட்களில் சாமி பார்க்க வரலாம், சிற்பம் பார்க்க முடியாது.

சைக்கிள் கிடைக்குமா, கொண்டுவர வேண்டுமா?

சொந்தச் சைக்கிள் இருந்தால் கொண்டுவருவது நல்லது. ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட சைக்கிள் கடைகள் இன்று அநேகமாக மறைந்துவிட்டன. சைக்கிள் விற்கும் கடைகளிலும், பழுது பார்க்கும் கடைகளிலும் நாள் வாடகைக்குக் கேட்டுப் பார்க்கலாம். முன்பணமும் அடையாள அட்டை நகலும் கேட்பார்கள். தங்கும் விடுதியில் சொல்லி வைத்தால் அவர்களே தெரிந்த கடைக்குச் சொல்லிவிடுவதும் உண்டு.

கியர் கட்டாயமா என்று கேட்கிறார்கள். தாரமங்கலம் சாலை மலைச்சாலை அல்ல. ஆனால் ஏறி இறங்கிப் போகும் மேடு பள்ளம். கியர் இல்லாத சாதாரணச் சைக்கிளிலும் போகலாம், கூடுதலாக அரை மணி நேரம் ஆகும். ஏழு கியர் இருந்தால் முட்டி தப்பும். தடித்த பட்டன் டயர் போட்ட மலைச்சைக்கிள் தார்ச்சாலையில் வீண் பாரம்.

வாடகைச் சைக்கிளை எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பிரேக். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளுங்கள். பின்சக்கரம் தூக்க வேண்டும். பின் பிரேக்குக்கு அதேபோல், சக்கரம் சுற்றாமல் இழுபட வேண்டும். பிரேக் லீவர் ஹேண்டில்பாரைத் தொடும் வரை போனால் கேபிளை இறுக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, சக்கரத்தை இரு கையால் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. பெடல் கட்டையையும் இப்படியே ஆட்டுங்கள். பழைய மாடல் சைக்கிளில், பெடலைத் தாங்கும் கிராங்கை அச்சோடு பிடித்திருப்பது காட்டர் பின். அது தளர்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். கடை வாசலில் சின்னதாகக் கேட்கும் அந்தச் சத்தம் இருபதாவது கி.மீ.யில் கிராங்கைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடும். மாற்றித் தரச் சொல்லுங்கள், அல்லது வேறு வண்டி எடுங்கள்.

டயரின் பக்கச்சுவரில் வெடிப்பு இருந்தால் வேண்டாம். செயினில் துரு இருந்தால் எண்ணெய் விட்டு, துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். எண்ணெய் வழிய வழிய விட்டால் மண் ஒட்டிக்கொண்டு செயினை அரைக்கும்.

கடைசியாக சீட் உயரம். இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். வாடகைச் சைக்கிள்களில் சீட் பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும். அப்படியே 50 கி.மீ. ஓட்டினால் மறுநாள் படியேற முடியாத அளவுக்கு முட்டி வலிக்கும்.

டயரில் எவ்வளவு காற்று வைப்பது? வழியில் எங்கே அடிப்பது?

700 சக்கரமும் 35 அல்லது 38 மி.மீ. அகல டயரும் உள்ள ஹைப்ரிட் சைக்கிளுக்கு 55 முதல் 65 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு). இரண்டு அங்குல அகலமுள்ள மலைச்சைக்கிள் டயருக்குத் தார்ச்சாலையில் 40 போதும். முன்சக்கரத்தில் ஐந்து குறைவாக வையுங்கள். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. உச்சம் வரை அடித்து, கோயில் வாசல் வெயிலில் மூன்று மணி நேரம் நிறுத்தினால் பழைய ஒட்டு விட்டுக்கொள்ளும்.

வால்வு எந்த வகை என்று கிளம்புமுன் தெரிந்துகொள்ளுங்கள். வால் டியூப் (சின்ன ரப்பர் குழாய்) போடும் பழைய வகைக்குக் கிராமத்துச் சைக்கிள் கடையில் காற்று அடிக்கலாம். மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற தடித்த வால்வு என்றால் எந்தப் பஞ்சர் கடை கம்ப்ரஸரும் பொருந்தும். ஆனால் கம்ப்ரஸரில் ஒரே அழுத்தாக அடிக்க விடாதீர்கள். சைக்கிள் டியூபில் கொள்ளும் காற்று கொஞ்சம்தான், இரண்டு நொடியில் வெடித்துவிடும். விட்டு விட்டு அடித்து, கட்டை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். ஒல்லியான பிரெஸ்டா வால்வு என்றால் ஒரு அடாப்டரைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு வாருங்கள். அது கிராமத்தில் கிடைக்காது.

பஞ்சர் அதிகம் ஆகுமா?

ஆகும். காரணம் சீமைக்கருவேல முள். ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் வெட்டிப் போட்ட கிளைகளின் முள் தார்ச்சாலை விளிம்பு வரை சிதறிக் கிடக்கும். லாரிக்கு வழிவிட்டு மண்ணில் இறங்கும் இடத்தில்தான் குத்தும்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: ஒரு மாற்று டியூப், டயர் கழற்றும் பட்டை இரண்டு, ஒட்டுப் பட்டைகள், சொல்யூஷன், உப்புத்தாள் துண்டு, கைப்பம்பு, சக்கரத்தின் நட்டுக்கு ஏற்ற ஸ்பேனர். வழியில் ஒட்டிக்கொண்டு நிற்காமல் மாற்று டியூபைப் போட்டுவிட்டு, ஓட்டையான டியூபை நிழல் கிடைக்கும் இடத்தில் நிதானமாக ஒட்டுங்கள்.

டியூபை மாற்றுமுன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவி முள்ளைத் தேட வேண்டும். பஞ்சாலோ துணியாலோ தடவினால் இன்னும் நல்லது; நூல் சிக்கும் இடத்தில் முள் இருக்கும். இதைச் செய்யாமல் புது டியூப் போட்டவர்கள் இரண்டு கி.மீ.க்குள் மறுபடி உட்கார்ந்திருப்பார்கள். வெளியே முறிந்துபோய் உள்ளே நுனி மட்டும் நிற்கும் முள்ளைப் பிடுங்க நகம் வெட்டி உதவும்.

ஒட்டு ஏன் நிற்பதில்லை? சொல்யூஷன் காயுமுன் பட்டையை வைப்பதால். உப்புத்தாளால் தேய்த்து, தூசி துடைத்து, பட்டையைவிடக் கொஞ்சம் அகலமாகச் சொல்யூஷன் தடவி, பளபளப்பு அடங்கும் வரை நான்கைந்து நிமிடம் விட வேண்டும். அதற்குப் பிறகு பட்டையை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள்.

தாரமங்கலத்துக்கு எந்த வழி?

சேலம் ரயில் ஜங்ஷனிலிருந்து சூரமங்கலம், இரும்பாலை, தாரமங்கலம். சுமார் 25 கி.மீ. நகரத்தின் காலைப் பரபரப்புக்கு முன்னால், 5:45 மணிக்குக் கிளம்பிவிட்டால் முதல் பகுதி சுலபம். முன்விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் வேண்டும். இரும்பாலை தாண்டியதும் இடப்பக்கம் கஞ்சமலை கூடவே வரும். இரும்புத் தாது நிறைந்த மலை அது. இரும்பாலை இந்த இடத்தில் எழுந்ததும் அதன் மடியில்தான். அடையாளம் இல்லாத வேகத்தடைகள் இருக்கின்றன, இறக்கத்தில் கவனம்.

தை, மாசி அறுவடைக் காலத்தில் கொள்ளு, ராகி, சோளத் தட்டைகளைச் சாலையில் பரப்பி வைத்திருப்பார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போனால் அதுவே போரடிப்பு. சைக்கிளுக்கு அது ஆபத்து. தட்டை செயினிலும் பின்பல்சக்கரத்திலும் சுற்றிக்கொண்டு இறுகிவிடும், பின்சக்கரத்தருகே கியரை மாற்றும் பாகத்தை முறித்துவிடும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். உலர்த்தியிருப்பவரின் உழைப்பை மிதிக்காமல் போன மாதிரியும் இருக்கும்.

திரும்ப அதே வழி வேண்டாம் என்றால் இளம்பிள்ளை, சித்தர் கோயில் வழியாகக் கஞ்சமலையின் மறுபக்கம் வரலாம். கொஞ்சம் கூடுதல் தூரம். விசைத்தறிச் சத்தம் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டே வரும். ஓமலூர் வழியும் உண்டு, ஆனால் அது பெங்களூர் நெடுஞ்சாலையில் கொண்டுபோய் விடும். அந்த லாரிகளுக்கு நடுவே சைக்கிள் ஓட்டத் தேவையில்லை.

தாரமங்கலம் கோயிலில் எதைத் தவறவிடக் கூடாது?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கோயில் மேற்குப் பார்த்தது. காலையில் போய்ச் சேரும்போது ராஜகோபுரத்தின் முகம் நிழலில் இருக்கும். ஐந்து நிலைக் கோபுரத்தின் அடித்தளத்தில் யானையும் குதிரையும் இழுக்கும் தேர் போலச் செதுக்கியிருக்கிறார்கள். அந்த வேலைப்பாடு பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் வெளிச்சத்தில் எழும். மாசி மாதம் 9, 10, 11 தேதிகளில் மாலைச் சூரியன் வாசல்களைக் கடந்து லிங்கத்தின் மேல் விழும் என்று பக்தர்கள் கூடுவதும் இந்த மேற்கு முகத்தால்தான். ஆகவே காலையில் உள்ளே, பிற்பகலில் வெளியே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே மண்டபத் தூண்களில் ஒன்றில் ராமன் வில்லோடு நிற்கிறான், இன்னொன்றில் வாலி. ராமன் பக்கம் நின்றால் வாலி தெரிவான். வாலி பக்கம் நின்றால் ராமன் தெரியமாட்டான். கதையை இரண்டு தூணின் இடைவெளியில் சொல்லிவிட்டார் சிற்பி. இதை உணர, இரண்டு தூணின் அடியிலும் மாறி மாறிப் போய் நிற்க வேண்டும். நடுவில் நின்று பார்ப்பவர்களுக்கு இரண்டு சிலைகள் மட்டுமே. ரதி, மன்மதன் தூண்களிலும் இதே விளையாட்டு.

யாளியின் வாய்க்குள் உருளும் கல் உருண்டை எல்லாருக்கும் தெரிந்தது. வெளியே வராது, உள்ளே உருளும். ஒரே கல்லில் பல்லுக்குப் பின்னால் குடைந்து விடுவித்திருக்கிறார்கள். விரலை விட்டு உருட்டிப் பார்க்காதீர்கள். நூற்றாண்டுகளாக ஆளுக்கொரு தரம் உருட்டினால் கல்லும் தேயும். மேலே அண்ணாந்து பாருங்கள். கல் தாமரை, அதைச் சுற்றிக் கிளிகள், கல் சங்கிலி. கழுத்து வலிக்கும் என்பதால் கைக்கண்ணாடி ஒன்று கொண்டுபோனால் அதில் கூரையைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம்.

ஊரில் எண்கோணத் தெப்பக்குளம் ஒன்று உண்டு. ஒரு சுவரில் கல்லை எறிந்தால் எட்டுச் சுவரிலும் பட்டுத் திரும்பும் என்பது ஊர்ப் பேச்சு. எறிந்து சோதிக்க வேண்டாம். இளமீசுவரர் கோயிலையும் கேட்டுப் போய்ப் பாருங்கள். பெரிய கோயிலின் ஆரவாரம் இல்லாத இடம். கெட்டி முதலிகளின் தலைநகராக இருந்த அமரகுந்தி இங்கிருந்து பத்து கி.மீ. சுற்றில்தான், சொக்கநாதர் கோயில் இருக்கிறது. கால் வலு இருந்தால் மட்டும்.

டிசம்பரில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். கோபுரத்தை 3:30 மணிக்குப் பார்த்துவிட்டு 4:15 மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.

எந்தப் பகுதி எந்தக் காலம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தூணின் உச்சியில், உத்தரத்தைத் தாங்கும் போதிகையைப் பாருங்கள். கோணமாக, சாய்வாக வெட்டியதுபோல் எளிமையாக இருந்தால் சோழர் பாணி. கீழ்நோக்கித் தொங்கும் தாமரை மொட்டு வந்துவிட்டால் விசயநகர, நாயக்கர் காலத்துக்கு வந்துவிட்டீர்கள். தூணோடு ஒட்டிப் பாயும் யாளியும் குதிரைவீரனும் அந்தக் காலத்தவை. ஒரே கோயிலில் கருவறைப் பக்கம் ஒரு வகையும், முன்மண்டபத்தில் இன்னொரு வகையும் இருப்பது இயல்பு. கோயில் உள்ளிருந்து வெளியே வளர்ந்திருக்கிறது.

கல்வெட்டு அடித்தளப் பட்டைகளில் இருக்கும். 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்று தொடங்கும் இடத்தைப் பிடித்தால் வரி புரியத் தொடங்கும். பின்னாலேயே அரசன் பெயரும் ஆட்சியாண்டும் வரும். நேராக டார்ச் அடித்தால் ஒன்றும் தெரியாது. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள், எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து தெளியும். சாக்பீஸ், மாவு, திருநீறு எதையும் எழுத்தில் தேய்க்கக் கூடாது. தண்ணீரும் ஊற்ற வேண்டாம்.

உத்தமசோழபுரம் எதற்காக?

பாரி மகளிருக்கு அவ்வையார் மணம் முடித்துவைத்த இடம் என்று ஊர் நம்புகிறது. மாலை சாத்த வந்த சிறுவனுக்காகத் தலை சாய்த்த லிங்கம் என்பது இன்னொரு கதை. சேலத்திலிருந்து தெற்கே திருமணிமுத்தாற்றங்கரையில் வரிசையாக ஐந்து சிவத்தலங்களைச் சொல்வார்கள்: சேலம், உத்தமசோழபுரம், மாவுரெட்டி, பில்லூர், நஞ்சை இடையாறு. அதில் இது இரண்டாவது. ஆற்றைப் பார்க்கும்போது மனம் கனக்கும். நகரத்துச் சாக்கடையும் சாயக்கழிவும் கலந்து போகிறது. நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் என்பதால், திரும்பும் இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கிக் கடக்கவும்.

ஆறகளூர், தியாகனூர் எப்படிப் போவது?

சேலத்திலிருந்து தலைவாசல் சுமார் 70 கி.மீ. உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலைதான் வழி. விடியலில் கிளம்பி 55 கி.மீ. ஓட்டி ஆத்தூரில் தங்குங்கள். வசிட்ட நதிக்கரையில் கெட்டி முதலி காலத்துக் கோட்டையை மாலையில் பார்க்கலாம். மறுநாள் காலை தலைவாசல் போய், அங்கிருந்து இரண்டு ஊரையும் 25 கி.மீ.க்குள் சுற்றிவிடலாம். வாழப்பாடி, ஆத்தூர் போன்ற இடங்களில் புறவழிச்சாலையை விட்டு ஊருக்குள் போகும் பழைய சாலையைப் பிடியுங்கள். டீக்கடை, பஞ்சர் கடை, நிழல் எல்லாம் அதில்தான்.

ஆறகளூர் வாணகோவரையர்கள் ஆண்ட மகதை மண்டலத்தின் தலைநகர். ஆறு அகழிகள் சூழ்ந்த ஊர் என்பதால் இந்தப் பெயர் என்கிறார்கள். காமநாதீசுவரர் கோயிலில் எட்டு பைரவர்களும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். கரிவரதராசப் பெருமாள் கோயிலையும் விட்டுவிடாதீர்கள். தியாகனூரில் இரண்டு பெரிய புத்தர் சிலைகள் தியான நிலையில் அமர்ந்திருக்கின்றன. மரவள்ளி வயலும் ஜவ்வரிசி ஆலையும் உள்ள ஊர்ப்புறத்தில், சைவமும் வைணவமும் பௌத்தமும் ஐந்தாறு கி.மீ.க்குள் இப்படிச் சேர்ந்து கிடக்கும் இடம் இந்த மாவட்டத்தில் வேறில்லை.

சைக்கிளை ரயிலில் ஏற்ற முடியாதா?

சேலம் ஜங்ஷனுக்கு வர முடியும். உங்கள் டிக்கெட்டைக் காட்டி பார்சல் அலுவலகத்தில் 'லக்கேஜ்' என்று பதிவு செய்யுங்கள், நீங்கள் போகும் ரயிலிலேயே வரும். 'பார்சல்' என்று பதிவு செய்தால் வேறு ரயிலில், வேறு நாளில் வரலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னதாகப் போய்விடுங்கள். பெயர், போன் எண், போகும் ஊர் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் கட்டுங்கள். பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, கியர் பக்கத்தைப் பழைய துணியால் சுற்றிவிடுங்கள். அந்தப் பக்கம்தான் அடிபடும்.

விருத்தாசலம் பாதையில் தலைவாசல் போன்ற சின்ன நிலையங்களில் ரயில் நிற்கும் நேரத்தில் சரக்குப் பெட்டியிலிருந்து சைக்கிளை இறக்குவது நடவாத காரியம். மடிக்கும் சைக்கிள் என்றால் உறையில் போட்டுக் கையோடு எடுத்துப் போகலாம்.

தலைவெட்டி முனியப்பன் கோயில் புத்தர் கோயிலா?

சேலம் கோட்டை ரோடு, பெரியேரியில் இருக்கும் சிலை அது. தொல்லியல் துறையின் ஆய்வறிக்கையை ஏற்று, அது புத்தர் சிலைதான் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. தலைமுறைகளாக முனியப்பனாகக் கும்பிட்ட மக்களும் அங்கே இருக்கிறார்கள். பார்க்கப் போகிறவர் அமைதியாகப் பார்த்துவிட்டு வர வேண்டும், வாசலில் நின்று விவாதம் வேண்டாம்.

உடை, செல்போன், படம்?

அரைக்கால் சட்டையோடு உள்ளே போகாதீர்கள். நாலு முழ வேட்டி ஒன்றைச் சுருட்டி வைத்துக்கொண்டால் மேலே கட்டிக்கொள்ளலாம். சுடிதார் போட்டு ஓட்டுபவர்கள் துப்பட்டாவைக் குறுக்கே கட்டி முடிச்சுப் போடுங்கள், பேண்ட் விளிம்பைக் கிளிப்பால் பிடியுங்கள்.

தமிழகக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்ய 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. படம் எடுக்க முடியும் என்று நம்பி வராதீர்கள். சின்ன நோட்டும் பென்சிலும் கொண்டுவந்து ஒரு தூணையாவது வரைந்து பாருங்கள். வரையும் கை, கண் விட்டதைப் பிடிக்கும்.

தண்ணீர், சாப்பாடு, வெயில்?

ஆளுக்கு மூன்று லிட்டர். மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் வரை குடிக்க வேண்டும், தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் தசை பிடிக்கலாம். ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு வைத்திருங்கள். இளநீர், உப்புப் போட்ட மோர், கம்பங்கூழ் கிடைத்தால் விடாதீர்கள். கிளம்புமுன் வாழைப்பழம், வழியில் இட்லி. எண்ணெயில் பொரித்ததை ஓட்டி முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம். தட்டுவடை செட் என்ற சேலத்துச் சிற்றுண்டி மாலைக்கு உரியது, சேலம் திரும்பியதும் சாப்பிடுங்கள்.

வெயிலில் வியர்வை நின்று, உடம்பு சிலிர்த்து, பேச்சு குழறினால் அது களைப்பு இல்லை. உடனே நிழல், தலையிலும் அக்குளிலும் ஈரத்துணி, 108க்கு அழைப்பு.

முதுகுப்பையை என்ன செய்வது? சைக்கிளை எங்கே விடுவது?

பெரிய பையை விடுதியிலேயே விட்டுவிடுங்கள். அறை இல்லை என்றால் ஜங்ஷன் கிளாக் ரூம். பையில் பூட்டு இருந்தால்தான் வாங்குவார்கள். சைக்கிளில் நான்கைந்து கிலோவுக்கு மேல் வேண்டாம், அதையும் கேரியரில் கட்டுங்கள். பழைய டியூபை நீளமாக வெட்டினால் அதைவிட நல்ல கட்டுக்கயிறு இல்லை. தொங்கும் முனை சக்கரத்தில் சிக்காமல் பாருங்கள்.

கோயிலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்திலோ பூக்கடைக்கு எதிரிலோ நிறுத்துங்கள். சங்கிலியைச் சட்டத்தோடும் பின்சக்கரத்தோடும் சேர்த்துப் பூட்டுங்கள். "அக்கா, கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று சொல்லி ஒரு முழம் பூ வாங்கினால் அவர் கண் அதன் மேலேயே இருக்கும். விளக்கையும் பம்பையும் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள்.

ஏற்காட்டையும் சைக்கிளில் சேர்த்துக்கொள்ளலாமா?

அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 20 கி.மீ. ஏற்றம். மேலே 1,500 மீட்டர். நல்ல கியர் சைக்கிளும் பழகிய காலும் இருந்தால் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். சேர்வராயன் குகைக்கோயில் அதைவிட உயரத்தில் இருக்கிறது. வாடகைச் சைக்கிளில் வேண்டவே வேண்டாம். ஏறுவது பிரச்சினை இல்லை, தள்ளிக்கொண்டாவது போய்விடலாம். இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தால் ரிம் கொதித்து, ரப்பர் கட்டை வழுக்கும், டியூபும் வெடிக்கலாம். பிடித்து விட்டு, பிடித்து விட்டு இறங்க வேண்டும். ஐந்து வளைவுக்கு ஒருமுறை நின்று ரிம்மை ஆறவிட வேண்டும்.

சங்ககிரிக் கோட்டை, நாமக்கல் குடைவரை?

சங்ககிரி 40 கி.மீ.க்குள்தான். தீரன் சின்னமலை 1805இல் தூக்கிலிடப்பட்ட கோட்டை. ஆனால் வழி முழுக்க கொச்சி நெடுஞ்சாலை, பிறகு மலையேற்றம் வேறு. பேருந்தில் போங்கள். நாமக்கல்லின் எட்டாம் நூற்றாண்டுக் குடைவரைகளுக்கு சேலத்திலிருந்து ரயிலும் பேருந்தும் இருக்கின்றன, சைக்கிள் தேவையில்லை.

நடுவழியில் வண்டி சரிசெய்ய முடியாதபடி கெட்டுவிட்டால்?

பக்கத்து ஊர் டீக்கடை வரை தள்ளிக்கொண்டு போய், "குட்டியானை கிடைக்குமாங்க?" என்று கேளுங்கள். அந்தச் சின்னச் சரக்கு வண்டியில் சைக்கிளைப் படுக்க வைக்காமல், நிற்கவைத்துப் பக்கச் சட்டத்தோடு கட்டுங்கள். கியர் பக்கம் வெளியே பார்க்கட்டும். வாடகையை ஏறுமுன் பேசிவிடுங்கள். சேலம் பக்கம் காலி வண்டி திரும்புகிறதா என்றும் கேளுங்கள், பாதி வாடகையில் முடியும்.